குடிலில் வாடாத ராகி

பெங்களூரில் தரைத்தளத்தில் மனிதர்கள் குடியிருந்த காலம் போய்விட்டது. இப்போது அங்கே கார்கள் குடியிருக்கின்றன. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவை எடுத்துக்கொண்டால், மழை படாமல், படி ஏறாமல், சுகமாக இருப்பவை அந்த வண்டிகள்தான். நாங்கள் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. குடிவந்தபோது அது ஒரு குறையாகவே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவார். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவேன். மேலே நின்றுகொண்டு, "இன்னா டீச்சர், டீசல் காலியா?" என்று கேலி செய்வார்.

அவர் சிட்டி பஸ் டிரைவர். பிறந்து வளர்ந்தது மர்பி டவுன். இந்த ஊரில் அவர் ஓட்டாத ரூட் இல்லை. ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை, காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அக்கம்பக்கத்து வீட்டு ஆண்கள் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, என் பழைய புடவையால் கட்டி, படியில் இறக்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அதே நாற்காலியில் மேலே வந்தார். அதற்குப் பிறகு செக்கப்புக்காக இரண்டொரு தடவை இறங்கியதோடு சரி. ஒருநாள் எல்லாரையும் கும்பிட்டு, "இனிமே என்னை ஒரே ஒரு தடவ தூக்குனா போதும். அப்ப எப்டி வேணா சாச்சிக்கோங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். 

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்பவர்கள் எல்லாரும் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

அவருடைய உலகம் பால்கனிக் கம்பிக்கு வந்துவிட்டது. காலையில் அங்கே நாற்காலியைப் போட்டுவிட்டு நான் பள்ளிக்கூடம் போவேன், அப்போது எனக்குச் சர்வீஸ் இன்னும் மிச்சம் இருந்தது. மாலையில் வரும்போதும் அங்கேதான் இருப்பார். மேலேயிருந்து பார்த்தால் தெரிவது உச்சந்தலைகள் மட்டும்தான். யாருக்கு வழுக்கை விழுகிறது, யார் தலைக்குச் சாயம் அடிக்கிறார் என்று தெருவுக்கே தெரியாத விஷயமெல்லாம் அவருக்குத் தெரியும். முதல் வெள்ளிக்கிழமை ஃபாதர் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்க மூன்று மாடி ஏறி வருவார். அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து இவர் மன்னிப்புக் கேட்பார். நன்மை வாங்குவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்பது சரிதான், ஆனால் அது பாவத்துக்குக் கேட்க வேண்டியது, படிக்கட்டுக்கு இல்லை. எனக்கு ஆத்திரமாக வரும்.

டிஸ்சார்ஜ் ஆன அன்றே ஒரு வாக்கர் வாங்கினோம். நடக்கப் பழகுங்கள் என்று டாக்டர் சொன்னார், பிசியோதெரபி செய்ய ஒரு பெண்ணும் வந்தாள். இவர் கொஞ்ச நாள் அவளுக்காக நடந்தார், பிறகு நிறுத்திவிட்டார். "நடந்து எங்க போறது? இந்தச் செவுத்துலேர்ந்து அந்தச் செவுத்துக்கா?" என்று கேட்டார்.  வாக்கர் கூடத்து மூலையில் நின்றது. மழைக்காலத்தில் துண்டு காயப்போட வசதியாக இருந்தது.

எங்களுக்கு வேண்டியது தரையோடு இருக்கிற ஒரு வீடு. அவ்வளவுதான். வாடகைக்குத் தேடினேன். கிடைத்தவை கார் நிறுத்துகிற இடத்தைச் சுவர் வைத்து மறைத்த அறைகள். பகலிலேயே லைட் போட வேண்டும். அந்த இருட்டுக்கு அவர் மேலேயே இருந்து வழுக்கைத் தலைகளைப் பார்க்கலாம். நல்ல வீடு வைத்திருந்தவர்கள், "பேஷண்ட்டா?" என்று கேட்டுவிட்டுப் பிறகு போன் எடுக்கவில்லை. கடைசியில், இரண்டு பேர் கையிலும் இருப்பதையெல்லாம் போட்டு எவ்வளவு சிறிய வீடானாலும் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

காக்ஸ் டவுனில், எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், ஒரு ஆன்ட்டி வீட்டை விற்கப் போகிறார் என்று டிசம்பர் தொடக்கத்தில், திருவருகைக் காலத்தில் காதில் விழுந்தது. கணவர் இறந்துவிட்டார், மகள் கோயம்புத்தூருக்குக் கூப்பிடுகிறாள். ஆன்ட்டியை எனக்குத் தெரியும், அதாவது பின்பக்கமாகத் தெரியும். பூசையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவர். எத்தனையோ வருடம் அந்தக் கொண்டையைப் பார்த்தபடி ஜெபித்திருக்கிறேன். முகத்தைப் பார்த்துப் பேசியது அந்த டிசம்பரில்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வீடு பார்க்கப் போனேன். பழைய பெரிய வீடு ஒன்றை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டதில் ஒரு பாதி. சிவப்புத் தரை, ஓட்டுக்கூரை, முன்னால் ஒரு கொய்யா மரம். கேட்டிலிருந்து உள்ளே போக ஒரே ஒரு படி. அதுவும் படி என்று சொல்ல முடியாத படி. மரத்தடியில் ஒரு நாற்காலி போட்டால் தெருவில் போகிற முகங்கள் எல்லாம் தெரியும். கோயில் மணி பக்கத்திலேயே கேட்கும். நான் உள்ளே போவதற்கு முன்பே அவரை அந்த மரத்தடியில் உட்காரவைத்துவிட்டேன்.

வீடு முழுக்கப் புதுப் பெயின்ட் வாசனை. விற்கிற வீட்டில் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் யோசிக்க வேண்டும் என்று எந்த புரோக்கரும் சொல்வார். ஆனால் எங்கள் ஆட்கள் வீட்டில் டிசம்பரில் பெயின்ட் வாசனை வராவிட்டால்தான் சந்தேகம் வரும். சாப்பாட்டுக்கு இல்லாவிட்டாலும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் சுவருக்குச் சுண்ணாம்பாவது அடித்துவிடுவோம். சமையலறையில் அச்சுமுறுக்கு வெந்துகொண்டிருந்தது. பெயின்ட்டும் எண்ணெயும் கலந்த அந்த வாசனையில் என் சின்ன வயது டிசம்பர் எல்லாம் மூக்கில் ஏறிவிட்டது. மூளை எங்கே வேலை செய்யும்?

கூடத்துக்கு அடுத்த அறையில், ஒரு சுவர் முழுக்க ஆன்ட்டி கிறிஸ்துமஸ் குடில் கட்டியிருந்தார். நான் பார்த்த வீட்டுக் குடில்களில் அவ்வளவு பெரியது கிடையாது. சாயம் பூசிக் கசக்கிய காகிதத்தில் என் தோள் உயரத்துக்கு மலை. அதற்கு மேல் கூரைவரைக்கும் நீலத் துணியில் ஆகாயம், வெள்ளிக் காகித நட்சத்திரங்கள். அடிவாரத்தில் ராகி வயல்.

ராகியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் குடிலுக்கு ராகி விதைப்பது வழக்கம். டிசம்பர் தொடக்கத்தில் அகல் விளக்கில் மண் போட்டு ராகியைத் தூவி, நாள்தோறும் தண்ணீர் தெளித்தால், கிறிஸ்துமஸுக்குப் பச்சைப் பசேலென்று விரல் உயரம் வந்துவிடும். அதுதான் பெத்லகேம் புல்வெளி. ஆடும் மாடும் அதில் நிற்கும். புது வருடம் தாண்டினால் மஞ்சளாகும். மூன்று ராஜாக்கள் திருநாளுக்குள் தலை சாய்ந்துவிடும். நட்சத்திரத்தைப் பார்த்து அவ்வளவு தூரம் வந்த ராஜாக்களுக்கு எங்கள் வீட்டில் எப்போதும் வைக்கோல்தான் கிடைத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அவரிடம் போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். தரை, கூரை, குளியலறை எதையும் அவர் பார்க்கவில்லை.

"படி எத்தன?"

"ஒண்ணு."

"ஒண்ணா? நல்லா பாத்தியா டீச்சர்?"

"அது படியே இல்லீங்க. சும்மா ஒரு மேடு."

படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு வலது கையை நீட்டி மூலையைக் காட்டினார். "அந்தத் துண்ட எடு" என்றார்.

அன்று மாலை அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மறுநாளும் எழுந்தார். புது வீட்டுக் கேட்டிலிருந்து கோயில் வாசல்வரைக்கும் எத்தனை அடி என்று என்னை நடந்து பார்த்து வரச் சொன்னார். எங்கள் கூடத்தை இத்தனை சுற்று சுற்றினால் கோயில் வந்துவிடும் என்று அவராக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். முதலில் பாதி வழியிலேயே கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். "வண்டி பிரேக்டவுன்" என்பார். ஜனவரியில் ஒருநாள் முழுத் தூரமும் போய்விட்டார். சுவரில் இருந்த இயேசு படத்துக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டு, "லாஸ்ட் ஸ்டாப், எல்லாரும் எறங்குங்க" என்று கத்தினார். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். வீடு வாங்கியதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அதுதான். வேறு எதுவும் அதில் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தோம். வக்கீலிடம் பத்திரங்களைக் கொடுத்தேன். பெங்களூரில் வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு பயம்தான் உண்டு, அது பத்திரம். வீட்டுவரிப் பதிவான கத்தா சரியாக இருக்கிறதா, வில்லங்கம் உண்டா, அண்ணன் தம்பி கையெழுத்துப் போட்டார்களா என்று வக்கீல் அலுத்துப்போகிற அளவுக்குக் கேட்டேன். எனக்கு இருந்த சந்தேகம் அத்தனையையும் காகிதத்தில் செலவழித்துவிட்டேன், சுவருக்கு ஒன்றும் மிச்சம் இல்லை. பத்திரம் சுத்தமாக இருந்தது. பக்கத்து மனையில் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். இந்த ஊரில் எந்தச் சந்தில்தான் தகரம் அடிக்கவில்லை?

மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து, குளியலறைக் கதவில் வாக்கர் நுழையுமா என்று அளக்கப் போனேன். குடில் அப்படியே இருந்தது. ராகியும் பச்சையாகவே இருந்தது.

"இன்னும் எடுக்கலியா ஆன்ட்டி?"

"மனசு வரலம்மா. இந்த வூட்ல இதான் கடைசிக் குடில்."

 அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். பிப்ரவரி தொடக்கத்தில் மெழுகுதிரித் திருநாளன்று போனபோதும் குடில் இருந்தது. ராகி இன்னும் உயர்ந்திருந்தது. ஆடுகள் அதில் கழுத்துவரை மூழ்கியிருந்தன.

"தண்ணி தெளிக்கிறீங்களா ஆன்ட்டி?"

"நான் ஒண்ணுமே பண்றதில்லமா. அதுவா இருக்குது."

பொய் சொல்லவில்லை. அந்த ஆன்ட்டி என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

நான் கணக்கு டீச்சர். பாலை முகர்ந்தே கெட்டதா நல்லதா என்று சொல்லிவிடுவேன். சின்ன வயதிலிருந்து வருடா வருடம் ராகி விதைத்தவள், அதன் ஆயுள் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் அதை அற்புதம் என்று நினைத்தேன். தெரியாதவளாக இருந்திருந்தால், என்ன இது, மண்ணில் இவ்வளவு ஈரமா என்று விரலை வைத்துப் பார்த்திருப்பேன். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "குழந்த இயேசுவே நம்ம வூட்டுக்குத் தண்ணி ஊத்திகினு இருக்காரு டீச்சர்" என்றார். தெருவில் உள்ள கிறிஸ்தவர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்திலும் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

விபூதிப் புதன் வந்தது. பத்திரப் பதிவுக்கு அடுத்த வாரம் நாள் பார்த்திருந்தோம். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, பின்னால் இருந்த சந்துக்குப் போனேன். தவக்காலத்தில் குடில் இருக்கக் கூடாது, தனியாக ஆன்ட்டியால் பிரிக்க முடியாவிட்டால் நான் உதவி செய்கிறேன் என்று நினைத்தேன். ஆன்ட்டி நெற்றியிலும் சாம்பல் இருந்தது. "அதெல்லாம் நான் பாத்துக்கறேம்மா, நீ உக்காரு, டீ போடறேன்" என்று சமையலறைக்குப் போனார். சும்மா உட்காருவது எனக்கு வராது. சுரூபங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் சுற்றினேன். குழந்தை இயேசு, மாதா, சூசையப்பர், ராஜாக்கள். பிறகு ஒரு ராகி அகலைத் தூக்கினேன்.

வரவில்லை. அகல் காகித மலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விளிம்பைத் தாண்டி வேர்கள் வழிந்து காகிதத்துக்குள் இறங்கியிருந்தன. கொஞ்சம் இழுத்தேன். மலையின் அடிவாரம் நனைந்த ரொட்டி மாதிரி பிய்ந்து கையோடு வந்தது.

பின்னால் சுவர் இல்லை. இருந்தது, ஆனால் சுவர் என்று சொல்ல முடியாது. பூச்சு முழுவதும் உதிர்ந்து, செங்கல்லுக்கு நடுவே மண் கரைந்து, ஒரு பிளவு. அதில் என் கை போனது. உள்ளங்கையில் குளிர்ந்த காற்று பட்டது, வெளியிலிருந்து வருகிற காற்று. நீலத் துணியைப் பிடித்து இழுத்தேன். ஆகாயம் கழன்று விழுந்தது. பிளவு கூரைவரைக்கும் போய், ஓட்டுக்கு அடியில் இருந்த உத்தரத்தையும் இறக்கியிருந்தது.

ஆன்ட்டி டீயோடு நின்றுகொண்டிருந்தார்.

"பக்கத்துல ஃப்ளாட் கட்றேன்னு பள்ளம் தோண்டனாங்கம்மா" என்றார். "ரெண்டு பேஸ்மென்ட்டுக்கு. அப்பறம் அவங்களுக்குள்ளயே சண்ட, கேசு. அப்டியே போட்டுட்டுப் போய்ட்டாங்க. பள்ளத்துல தண்ணி நிக்கிது. போன மழைலேர்ந்து இது உள்ள வாங்குது."

"ஏன் ஆன்ட்டி சொல்லல?"

"நீ கேக்கலியே."

"மூணு மாசமா வந்துகிட்டிருக்கேனே!"

"எல்லாத்தையும் கேட்ட. அந்தப் பத்திரம், இந்தப் பத்திரம், மீட்டர், மோட்டார். செவுத்த ஒருவாட்டி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சத்தியமா சொல்லியிருப்பேன். கேக்கணும் கேக்கணும்னு தான் வேண்டிக்கினேன், கேக்கக் கூடாதுன்னும் வேண்டிக்கினேன்." டீயை என்னிடம் நீட்டினார். "முன் ரூம்பு நல்லாத் தான் இருக்குதும்மா. உன் வூட்டுக்காரர் முன் ரூம்புலயே படுக்கட்டுமே."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டீயை அவர் முகத்தில் ஊற்றியிருக்க வேண்டும். வாங்கிக் குடித்துவிட்டேன். இரண்டு பேரும் நெற்றியில் சாம்பலோடு, தரையில் விழுந்த ஆகாயத்தின் மேல் நின்றுகொண்டிருந்தோம். அந்த வீட்டில் ஆன்ட்டி தனியாக எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அதையும் நான் கேட்கவில்லை.

ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டினேன். தகரத்தின் இடுக்கு வழியாகப் பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்தார். பச்சைத் தண்ணீர், அதன் நடுவே துருப்பிடித்த கம்பிகள். உள்ளே வந்து பிளவைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "ஆகல்ல மேடம்" என்று கன்னடத்தில் கைவிரித்தார். வீடே அந்தப் பக்கமாக இறங்குகிறதாம். சுவரை மட்டும் இடித்துக் கட்டினால் புதுச் சுவரும் இறங்கும். பள்ளத்தை மூட வேண்டும், அது எங்கள் கையில் இல்லை. எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டேன். சொல்ல முடியாது, ஒரு நல்ல மழை போதும் என்றார்.

வீட்டில் அவரிடம் சொல்ல வேண்டியதை நான் படிக்கட்டு முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினேன். கதவைத் திறந்தபோது அவர் வாக்கரோடு கூடத்தின் நடுவில் இருந்தார், கோயிலுக்குப் பாதி வழியில். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கட்டிலில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ராகியைச் சொன்னபோது சிரித்தார். 

"சரி. வாங்கிடுவோம்" என்றார்.

"ஏங்க, நான் சொன்னது காதுல விழுந்துதா இல்லியா? வீடு விழுந்துடும்ங்க."

"வுழட்டும். நான் ஏற்கெனவே வுழுந்தவன் தான?"

"வெளயாடாதீங்க."

"வெளயாட்டு இல்ல டீச்சர்." என் கையைப் பிடித்துக்கொண்டார்.  "எனக்கு இன்னும் எத்தன மழ இருக்குது, சொல்லு? ரெண்டு? ரெண்டு மழைக்கு அந்தச் செவுரு தாங்காதா? முன்னாடி ரூம்புல படுத்துக்கறோம். மழ வந்தா மரத்தடில குட புடிச்சிகினு உக்காந்துக்கறோம். ரெண்டு மழ, டீச்சர். அவ்ளோ தான் கேக்கறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருந்தால் சண்டை போட்டு வாங்கிக்கொள்வார், அல்லது கேலி செய்து வாங்கிக்கொள்வார். அன்று கெஞ்சினார். அதற்கடுத்த நாட்களிலும் கெஞ்சினார், சாப்பிடும்போது, மருந்து கொடுக்கும்போது, முகம் துடைத்துவிடும்போது. நான் வேண்டாம் என்றேன். கையில் இருப்பதெல்லாம் அந்தச் சுவரில் போய்விட்டால், அது விழுந்த பிறகு அவரை எங்கே கொண்டுபோய்ப் படுக்கவைப்பது? அவர் சொல்வதுபோல அவருக்கு இரண்டு மழைதான் என்றால், அதற்குப் பிறகும் நான் இருக்க வேண்டுமே, எங்கே இருப்பது? இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒருநாள் பேச்சை நிறுத்திக்கொண்டார். இன்றைக்குக் கேட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் ஒரு ஆறுதலும் இல்லை.

ஆன்ட்டியிடம் சொல்லப் போனேன். கேட்டைத் திறந்ததும் அவரே உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டுவந்து நீட்டினார். நாங்கள் டோக்கன் கொடுத்த அதே கவர், நான் போட்ட ரப்பர் பேண்டுகூட மாறவில்லை.

"தொடவே இல்லமா. எனக்குத் தெரியும் நீ திருப்பி வருவேன்னு."

உள்ளே எட்டிப் பார்த்தேன். குடில் இருந்த இடத்தில் பீரோவை நகர்த்தி வைத்திருந்தார். அடுத்த ஆளுக்காக என்று நினைத்தேன். பிறகு, இல்லை, இரவில் அந்தப் பிளவைப் பார்க்காமல் படுப்பதற்காகவும் இருக்கலாம் என்று தோன்றியது. "வரேன் ஆன்ட்டி" என்றேன். "அவருக்காக வேண்டிக்கறேம்மா" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வேறு வீடு தேடாமல் இல்லை. அலைந்தேன். விலை கேட்டுத் திரும்பினேன். தரையோடு இருந்த பழைய வீடுகள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகத் தகரத்துக்குள் போயின. அவர் பால்கனிக்குத் திரும்பினார். எழுந்து நடக்கச் சொன்னால், "லாஸ்ட் ஸ்டாப் கேன்சல் ஆயிடுச்சு டீச்சர்" என்றார், சிரிக்காமல். பிசியோ பெண்ணை மறுபடியும் வரவழைத்தேன். அவள் வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். ஈஸ்டருக்குள் வலது காலும் வலுவிழந்தது.

அந்த வருடம் பெங்களூரில் மழை கொட்டித் தீர்த்தது. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"செவுரு?"

"நிக்குது."

கிறிஸ்துமஸுக்கு நான் ராகி விதைக்கவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஆன்ட்டியை மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வீடு விற்காமல் பூட்டிக் கிடந்தது. கொய்யாப் பழங்கள் கேட்டுக்கு உள்ளேயே விழுந்து அழுகின. ஒரு பொய் சொல்லிவிடலாம், விழுந்துவிட்டது என்று ஒரே ஒரு வார்த்தை, அதோடு இரண்டு பேருக்கும் விடுதலை என்று படி ஏறும்போதெல்லாம் நினைப்பேன். மேலே வந்து அந்த முகத்தைப் பார்த்தால் வாயில் உண்மைதான் வரும்.

நவம்பரில், கல்லறைத் திருநாள் அன்று பூசை முடிந்து சந்து வழியாக வந்தேன். மழை விட்டுச் சில நாள் ஆகியிருந்தது. அந்த வீட்டு ஓடுகளின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். அவர் பால்கனியிலிருந்து திரும்பினார்.

"செவுரு?"

"நிக்குது."

தலையை ஆட்டினார். கீழே தெருவில் போகிற யாரோ ஒருவருடைய உச்சந்தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மழ ஆயிடுச்சு, டீச்சர்" என்றார்.

 அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, ஈரத் துண்டைக் கொண்டுபோய் வாக்கரில் காயப்போட்டேன்.